வேன்காரர் எழுதிய முப்பத்தெட்டு வரிகள்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் வேன்காரர் என்றுதான் கூப்பிடுவோம். வேனை விட்டு இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ஆளை இன்னும் வேன்காரர் என்கிறோமே என்று எங்களுக்கு உறுத்தவில்லை. அவருக்கும் உறுத்தவில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும். பேருக்கு வேற என்ன வேலை இருக்கு மேடம்?" என்பார்.

எங்களுடையது, வெளிநாட்டில், வீட்டோடு கிடக்கிற நோயாளிகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் நிறுவனம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். வெயில் நாளில் ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். எட்டு மேஜைகள். அதில் கடைசி மேஜை, பிரிண்டருக்குப் பக்கத்தில் இருப்பது, அவருடையது. பேப்பர் சிக்கிக்கொண்டால் எடுத்துவிடுவதும் அவர்தான். யாரும் சொல்லி வைத்ததில்லை, கை எட்டுகிற தூரத்தில் இருந்தது, எடுத்தார்.

ஒன்பது வருடம் அவர் நோயாளிகளை டயாலிசிசுக்கு ஏற்றிப் போய்க் கொண்டுவந்தவர். ஊசி குத்திப் படுக்கவைத்தால் நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்குள் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். இவர் ஸ்டியரிங்கின் மேல் ஒரு பழைய லேப்டாப்பைச் சாய்த்து வைத்துப் புரோகிராமிங் படித்தார். அந்த லேப்டாப்பின் அடியில் ஸ்டியரிங்கின் வளைவு ஒரு கோடாகப் பதிந்திருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று காகிதத்தில் வருகிற பட்டியல் தினமும் தப்பாக இருக்கிறதே என்று எரிச்சல்பட்டு அதற்கு இணையத்தில் ஒரு பக்கம் எழுதினார். அதுதான் அவருடைய முதல் வேலை. இடுப்புத் தட்டு விலகி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் மாடிக்கு வந்தார்.

நான் அதற்கு ஒரு வருடம் கழித்துச் சேர்ந்தேன், குழுத் தலைவியாக. தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நாங்கள் இருவர்தான். அவர் இருபது வருடமாக அந்த நாட்டில் இருப்பவர், நிரந்தரமாகத் தங்க உரிமை வாங்கிவிட்டவர். நான் வருடத்துக்கு ஒருமுறை வேலை பர்மிட் புதுப்பிக்கிறவள். ஆனால் அலுவலக மொழி எனக்குத்தான் சரளம். பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று இரண்டிலும் வளர்ந்தவள் நான். அவர் அந்த மொழியை ரோட்டில் கற்றவர். படிப்பார், எழுதுவார், யார் பேசினாலும் புரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் மட்டும் நாக்கு முரண்டு பிடிக்கும்.

அதனால் முக்கியமான கூட்டங்களில் அவர் தமிழில் சொல்வார், நான் மாற்றிச் சொல்வேன். வருடாந்திர மதிப்பீட்டில் மேனேஜர், "வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்டார். இவர், "நல்லா போகுதுன்னு சொல்லுங்க" என்றார். நான் குழு ஒற்றுமை, கற்கும் ஆர்வம் என்று நாலு வாக்கியம் சொன்னேன். வெளியே வந்ததும் சிரித்தார்.

"நான் ரெண்டு வார்த்தைதானே சொன்னேன்? நீங்க ஒரு கட்டுரையே வாசிச்சீங்க."

"உங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா அளவு பாத்துப் போடுங்க மேடம். நீளத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க."

இதை நான் மறக்காமல் வைத்திருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இணையதளத்தில் ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கிறார். அவருக்கு என்ன காட்டுவது, காட்டலாமா கூடாதா என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும். எழுத இரண்டு வழிகள். ஒன்று ஃபங்ஷன். மேலிருந்து கீழே ஒவ்வொரு அடியாக எழுதிக்கொண்டு போவது. இன்னொன்று கிளாஸ். பொதுவான வேலைகள் எல்லாம் ஒரு தாய் கிளாஸில் இருக்கும், பிள்ளை கிளாஸில் வேறுபடுவதை மட்டும் எழுதினால் போதும், மற்றது மேலிருந்து தானாக வரும்.

வேன்காரர் ஃபங்ஷன் ஆள். முப்பத்தோரு பக்கங்கள், முப்பத்தோரு ஃபங்ஷன்கள். வீட்டில் இதைச் சொல்லி மாட்டிக்கொண்டவர். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவி, நான் முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்துகொண்டே, "வாங்க, வாங்க. தினம் ஒரு ஃபங்ஷன் முடிச்சிட்டு வந்தேங்கறாரு. ஒண்ணுக்காவது பத்திரிகை வந்துச்சா நமக்கு?" என்றாள்.

"இவளுக்குச் சொல்லிப் புரியவைக்கிறதுக்கு வேனே ஓட்டியிருக்கலாம்."

"ஓட்டினாரு, ஓட்டினாரு. திரும்பறதுக்கு அரை மைல் முன்னாடி இண்டிகேட்டர் போடுவாரு. பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டுவான்."

அதுதான் அவருடைய எழுத்தும். எங்கே திரும்பப் போகிறது என்று அரை மைல் முன்பே தெரியும். படிக்கும்போது உதடு அசையும். "ஆளு வந்தாச்சு. யாருன்னு கேட்டாச்சு. வீட்டு ஆளு இல்லையா, வாசலோட அனுப்பு. வீட்டு ஆளுதானா, உள்ள வா." எனக்கு எரிச்சல் வரும். அலுவலகத் தொலைபேசி எண் மாறியபோது முப்பத்தோரு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது, ஒரு இடத்தை விட்டுவிட்டோம். அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் கிளாஸாக மாற்றுவது என்று நான் முடிவெடுத்தேன். அந்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

"எல்லாம் சரி மேடம்," என்றார் அவர். "ஃபங்ஷன்ல நடக்கறது கண்ணு முன்னாடி நடக்குது. இதுல பாதி எங்கயோ மேல நடக்குது. நமக்கு முடிவு மட்டும் லெட்டர்ல வருது."

"நம்பணும். அதுக்குத்தான் தாய் கிளாஸ்."

"தாயை நம்பறேன். தாய்கிட்ட போய்ச் சேர்ற வழியைத்தான் பாக்கணும்."

முப்பது பக்கங்களை ஒழுங்காக மாற்றினேன். கடைசியாக மிஞ்சியது நோயாளி பக்கம். நர்ஸ் எத்தனை மணிக்கு வருவார், என்ன மருந்து, மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். நர்ஸ்களும், அந்த நோயாளியின் வீட்டு ஆட்களும் மட்டும் பார்க்கலாம். அன்று மதியம் எனக்குப் பர்மிட் அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டே எழுதினேன் என்று சொன்னால் மிகையில்லை, ஒரு கை கோட்டுக்குள் இருந்தது.

அந்தக் கிளாஸுக்கு நான் இரண்டு பெற்றோர் கொடுத்தேன். ஒன்று பக்கத்தைக் காட்டுவது, இன்னொன்று ஆளைச் சரிபார்ப்பது. இடப்பக்கம் எழுதியிருப்பதைத்தான் கம்ப்யூட்டர் முதலில் கேட்கும். சரிபார்ப்பது இடப்பக்கம் இருக்க வேண்டும். நான் வலப்பக்கம் எழுதினேன். எங்கள் வீட்டில் அம்மா ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் அப்பாவிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. அதே கதைதான். காட்டுகிறவர் காட்டிவிட்டார், சரிபார்க்கிறவரைக் கூப்பிடவே இல்லை. பிழைச் செய்தியும் வராது. நான் ஊழியராக உள்ளே போய்ப் பார்த்தேன், பக்கம் அழகாக வந்தது. யாராகப் போயிருந்தாலும் வந்திருக்கும்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரி என்று போட வேண்டும், சரி போட்டவரே பொறுப்பு. ஆட்கள் கவனமாகப் படிக்கட்டும் என்று அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான்.

வேன்காரர் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஏழே வரி. முன்பு முப்பத்தெட்டு வரி இருந்த இடம்.

"மேடம், இதுல யாரு பாக்கலாம்னு எங்க இருக்கு?"

"மேல இருக்கு. அது தானா வரும்."

"வருமா?"

"அண்ணே, எனக்கு பஸ் போயிடும். சரி போடுங்க."

போட்டார்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். தன் அப்பாவின் பக்கத்தைத் திறக்கப் போனவள் இணைய முகவரியில் ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டாள். வேறு யாரோ ஒருவருடைய பக்கம் திறந்தது. மாற்றுச் சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் என்று அதில் இருந்தது. "அந்தப் பெரியவருக்குச் சொல்லிடுங்க, பாவம்," என்றாள். அவ்வளவு நல்ல மனுஷி.

திருட்டு எதுவும் நடக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். யாருடைய பக்கத்தை வெளியாட்கள் திறந்திருக்கக்கூடுமோ அந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து பூட்டை மாற்றச் சொன்னோம். மீட்டர் பெட்டிக்காரர் ஒரு பழைய தையல்காரர், மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர், காலில் ஆறாத புண். விஷயம் தெரிந்ததும் அவர் கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்தி வைத்துக்கொண்டார். நர்ஸ் போனால், "எந்த நர்ஸ்? எவனை வேணா அனுப்புவீங்க" என்று உள்ளேயிருந்து கத்தினார். மூன்று நாள் புண்ணுக்குக் கட்டு மாற்றவில்லை.

நாலாம் நாள் வேன்காரர் போனார், யாரும் அனுப்பாமல். ஆறு வருடம் அந்தத் தையல்காரரின் மனைவியை டயாலிசிசுக்கு ஏற்றிப் போனவர் அவர், அந்த அம்மா சாகும்வரை. மாடிப்படியில் உட்கார்ந்து, ரோட்டில் கற்ற அந்த மொழியில் கதவோடு பேசினாராம்.

"ஐயா, நான் வேன்."

"வேனா? வேன்தான் நின்னுபோச்சே."

"நின்னுதான் போச்சு. உங்க வீட்டம்மா என் சீட்டு உறையைத் தச்சுக் குடுத்தாங்களே, அது இன்னும் என்கிட்ட இருக்கு."

"அதை நான் தச்சேன்யா. அவ பேரு வாங்கிட்டா."

பீரோ நகர்கிற சத்தம் கேட்டதாம். தையல்காரருக்குக் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் இருந்து திரும்பினார், இரண்டு கால்விரல் குறைந்து.

விசாரணை கண்ணாடி அறையில் நடந்தது. மேனேஜர், பணியாளர் பிரிவுப் பெண்மணி, வேன்காரர், நான். மேனேஜருக்குப் புரோகிராம் தெரியாது, விதி தெரியும். சரி போட்டவர் யார்? வேன்காரர். பணியாளர் பிரிவுப் பெண்மணி அவரைப் பார்த்துக் கனிவாகவே சொன்னாள்: "நீங்கள் உங்கள் மொழியிலேயே சொல்லலாம். இவர் எங்களுக்குச் சொல்வார்."

அந்த மதியம் பர்மிட் அலுவலகத்தில் வாங்கி வந்த விண்ணப்பம் என் கைப்பையில் இருந்தது. அதோடு மேனேஜர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வைக்க வேண்டும். விண்ணப்பதாரர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று அதில் ஒரு வரி வரும். கையெழுத்து இன்னும் வாங்கவில்லை.

வேன்காரர் என்னைப் பார்த்து, நிதானமாக, மூன்று வாக்கியம் சொன்னார்.

"ஆமா, நான்தான் பாத்து சரின்னு போட்டேன். போடறதுக்கு முன்னாடி, யாரு பாக்கலாம்னு எங்க இருக்குன்னு கேட்டேன். அது தானா வரும்னு மேடம் சொன்னாங்க."

நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன். நானும் மூன்று வாக்கியம் சொன்னேன். தான்தான் பார்த்துச் சரி போட்டதாகச் சொல்கிறார். நடந்ததற்கு மிகவும் வருந்துகிறார். இனி இன்னும் கவனமாக இருப்பதாகச் சொல்கிறார்.

அளவு சரியாக இருந்தது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், அது எனக்குத் தெரியும். ஒரு கணம் அவர் உதடு அசைந்தது, படிக்கும்போது அசைகிற மாதிரி. அவர் மறுத்துப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். பேசட்டும் என்றும் நினைத்தேன், அதை இப்போது சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. அவர் பார்வையை இறக்கி மேஜையைப் பார்த்தார். மேனேஜர் அதைத் தலைகுனிவு என்று எடுத்துக்கொண்டார்.

புரோகிராமில் கை வைக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். வேலையைவிட்டுத் தூக்கவில்லை, பெரிய மனது. மறுபடி வேன், அரை ஷிஃப்ட். காலையில் நான் படியேறும்போது அவர் கீழே இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கதவைப் பிடித்து மெதுவாக ஏறி உட்காருவார். "குட் மார்னிங் மேடம்" என்பார். அதே குரல். அதே குரலாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் போன் செய்த அன்று நோயாளி பக்கத்தில் நான் அவசரமாகச் செய்திருந்தது ஒட்டு வேலை. நிதானமாகத் திருத்தி எழுத உட்கார்ந்தது அவர் கீழே போன பிறகுதான். பழைய எழுத்து எதுவும் எங்களிடம் அழிவதில்லை. யார், எப்போது, எந்த வரியை எழுதினார்கள், யார் எடுத்தார்கள் எல்லாம் பதிவில் இருக்கும். அவருடைய முப்பத்தெட்டு வரியைத் திறந்தேன். மூன்றாவது வரிக்கு மேலே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகிற, மனிதருக்காக மட்டும் எழுதுகிற ஒரு குறிப்பு. தமிழில், தனக்குத்தானே எழுதிக்கொண்டது: "சாவி இருக்கற இடம் இதுல இருக்கு. வீட்டு ஆளான்னு பாக்காம கீழ போகாத."

மாற்றும்போது அதை நான் பார்க்கவே இல்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறேன். பதிவில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பாக என் பெயர்.

பர்மிட் அட்டை தபாலில் வந்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அட்டை வரும்வரை காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், விட்டால் இதுவும் அந்த மூன்று வாக்கியம் மாதிரி ஆகிவிடும்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். வாங்க, வாங்க இல்லை.

"அவரு படுத்திருக்காரு. இடுப்புக்கு ஒத்தடம் குடுத்திட்டிருக்கேன்."

"ரெண்டு நிமிஷம் பேசணும்."

"தமிழ்ல பேசப் போறீங்களா, அந்த மொழிலயா?" என்றாள். "இல்ல, எதுல பேசினா முழுசா வரும்னு கேக்கறேன்."

உள்ளேயிருந்து, "யாருடி அது? உள்ள வரச் சொல்லு" என்றார்.

குப்புறப் படுத்திருந்தார், இடுப்பில் மடித்த துண்டு. எழ முயன்றவரை வேண்டாம் என்றேன். நாற்காலியில் துவைத்த துணி குவிந்திருந்ததால் நான் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் முகம் தலையணையில் என் பக்கம் திரும்பியிருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"அந்தப் பக்கம் இப்ப என்ன? கிளாஸா, ஃபங்ஷனா?"

"ஃபங்ஷன். திருப்பி எழுதிட்டேன்."

"எத்தனை வரி?"

"உங்களுதுதான். முப்பத்தெட்டு."

"மத்தது?"

"மத்தது எல்லாம் கிளாஸ்."

"அது சரிதான். மருந்துப் பட்டியலுக்கு எல்லாம் கிளாஸ்தான் லாயக்கு. நான் சும்மா பிடிவாதம் பிடிச்சேன்." தலையணையைக் கன்னத்துக்கு இழுத்துக்கொண்டார். "ஆபீஸ்ல சொன்னீங்களா மேடம்?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட..."

"எனக்குத்தான் தெரியுமே," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "என்கிட்ட சொல்றதுக்கு எதுக்கு மூணு மாடி ஏறி வந்தீங்க?"

அவர் மனைவி துண்டை எடுத்துக்கொண்டு போய் வெந்நீரில் முக்கிப் பிழிந்து கொண்டுவந்தாள். என்னைத் தாண்டி எட்டி அவர் இடுப்பில் வைத்தாள். நான் எழுந்தேன். போய்வருகிறேன் என்றதற்கு இருவரும் சரி என்றார்கள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். வேன்காரர் அன்று விசாரணையில் சொன்ன மூன்று வாக்கியங்களையும் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அலுவலக மொழியில் எழுதினேன். அதற்கும் கீழே அந்தக் கிளாஸின் முதல் வரி, அதில் என் பெயர், தேதி. மேனேஜர் இரண்டு முறை படித்தார். "பர்மிட் வந்துவிட்டதா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "ஓ," என்றார். அந்த ஓவை நான் எந்த மொழிக்கும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

என் தலைவிப் பதவியை எடுத்துவிட்டார்கள். என் கோப்பில் ஒரு தாள் சேர்ந்திருக்கிறது. அடுத்த புதுப்பிப்புக்கு நாலு மாதம் இருக்கிறது, அந்தத் தாள் என்ன செய்யும் என்று தெரியவில்லை. தினமும் காலையில் தபால் பெட்டியை இரண்டு முறை திறந்து பார்க்கிறேன். தையல்காரர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். நான் யார் என்று சொன்னேன். கதவைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்றும் இல்லை.

வேன்காரர் மறுபடி மாடிக்கு வந்தார். அதே கடைசி மேஜை. வந்த முதல் நாளே பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது, எடுத்தார். பிறகு நோயாளி பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே உதடு அசையப் படித்தார். மூன்றாவது வரியில், தன் குறிப்பு திரும்பி வந்திருந்த இடத்தில் நின்று, பிறகு இறங்கிப் போனார். "மேடம்" மாறவில்லை. டீ போட்டால் எனக்கும் ஒரு கப் வைக்கிறார். மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடுவதில்லை.

போன வாரம் கூட்டம். புதிதாக வந்த தலைவர் ஒரு யோசனை சொன்னார். எதற்கு ஒன்று மட்டும் ஃபங்ஷனாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி கிளாஸாக இருந்தால் நல்லதல்லவா? எல்லோரும் வேன்காரரைப் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் நான் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தேன்.

அவர் என் பக்கம் பார்க்காமலே உள்ளங்கையைக் கொஞ்சம் தூக்கினார், பின்னால் வரும் வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி. தொண்டையைச் செருமிக்கொண்டார். அலுவலக மொழியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, நடுவில் ஒருமுறை நின்று, மறுபடி ஆரம்பித்து, அவரே சொன்னார்.

"மற்றது எல்லாம் கிளாஸ், நல்லது. இந்தப் பக்கத்தில் வீட்டுச் சாவி இருக்கிறது. இது ஃபங்ஷனாகவே இருக்கட்டும், படிக்கிறவனுக்கு வாசல் தெரிய வேண்டும்."

நேரம் எடுத்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நானும்தான்.